நிலாவுக்குப் போனவரின் மீதிக் கதை

சிவகாசியில் நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த மறு வருஷம் அந்தப் படம் வந்தது. ஒரு விஞ்ஞானி ராக்கெட்டில் ஏறி நிலாவுக்குப் போகிற படம். ரஷ்யாக்காரர்கள் ஆகாயத்துக்கு ஆளை அனுப்பிவிட்டார்கள் என்ற பேச்சு அடங்காத காலம் அது. வருஷம் முழுக்க ராக்கெட் செய்கிற ஊர் என்பதால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு சொந்தம் இருந்தது. “நம்ம சரக்குதான். கொஞ்சம் பெருசாச் செஞ்சிருக்கான்” என்று போஸ்டருக்கு முன்னால் நின்று பேசிக்கொண்டார்கள்.

சர்ச்சுக்குப் பின்னால் ஒரு வளவில் நான் குடியிருந்தேன். ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டு வீடுகள். என் அறையில் என்னோடு இருந்தவள் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்பேன். வளவு முழுக்க அவளுக்கு நர்ஸக்கா என்றே பெயர். வளவின் சொந்தக்காரியை நாங்கள் இருவரும் அத்தை என்று கூப்பிடுவோம். வெம்பக்கோட்டைப் பக்கம் நிலம் உள்ள குடும்பம் அவர்களுடையது. வீட்டுக்காரர் அங்கே விவசாயத்தைப் பார்க்க, பிள்ளைகளின் படிப்புக்காக அத்தை இங்கே இருந்தாள். மழை இல்லாத வருஷங்களில் வளவுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தீப்பெட்டி ஒட்டுவாள். வாய் ஓயாமல் பேசுவாள். சினிமா என்றால் உயிர்.

மூன்று பேரும் முதல் ஆட்டத்துக்குப் போனோம். படத்தில் விஞ்ஞானி தனியாகத்தான் போகிறார். அவர் மனைவி பூமியில் ஒரு ரேடியோ அறையில் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் நிலாவில் இறங்குகிறார். மண் எப்படி இருக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார். ஒரு மலையைச் சுற்றிப் போனதும், “அங்கே வெளிச்சம் தெரிகிறது... யாரோ...” என்கிறார். அத்தோடு குரல் நின்றுவிடுகிறது. இரைச்சல் மட்டும் கேட்கிறது. மனைவி ரேடியோவின் குமிழைத் திருகிக்கொண்டே இருக்கிறாள். திரையில் வெள்ளை விழுந்து லைட் போட்டுவிட்டார்கள்.

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. “ஏலே, ஒரு ரீலை முழுங்கிட்டான்லே! மிச்சத்தைப் போடுலே!” என்று தரை டிக்கெட்டிலிருந்து சத்தம். கடைசியில் தியேட்டர் மேனேஜர் திரைக்கு முன்னால் வந்து கையைக் கூப்பினார். “ஐயாமாரே, பெட்டியில வந்தது அம்புட்டுத்தான். நான் எங்கன போயி எடுத்தாரது?”

திரும்பி வரும்போது அத்தை வழியெல்லாம் பொருமினாள். “அந்த வெளிச்சம் எவளோ ஏத்தி வச்சதுதான். அங்கன ஒருத்தி இருக்கா. இவன் அவகிட்டச் சிக்கிக்கிட்டான், பாரேன்.” எனக்கு ஆளைப் பற்றிக் கவலை இல்லை. அந்த இடம்தான் மனசில் நின்றது. பூகோளப் பாடம் எடுக்கிற எனக்கு மதுரைக்கு வடக்கே ஒரு ஊரும் தெரியாது. அங்கே நின்று பார்த்தால் பூமி எவ்வளவு பெரிதாகத் தெரியும், காற்று இல்லாத இடத்தில் காதுக்கு என்ன கேட்கும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். அக்கா வளவு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, “அந்தப் பொம்பள எத்தன நாளு அப்படித் திருகிக்கிட்டே இருப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

அக்கா ஏன் அப்படிக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு நிச்சயம் செய்திருந்த மனிதர் மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸராக இருந்தார். சீக்கிரம் வந்து கல்யாணத்தை முடித்து அவளைக் கூட்டிப்போவதாகச் சொல்லிப் போனவர். முதலில் மாதாமாதம் கடிதம் வந்தது. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து. நான் அவளோடு தங்க வந்த காலத்தில் அதுவும் நின்றுபோயிருந்தது. மல்லாங்கிணற்றில் இருந்த அவள் அம்மா வரும்போதெல்லாம் வேறு இடம் பார்க்கலாமா என்று கேட்பார். “பாப்போம்மா” என்பாள் அக்கா. மறுக்கவும் மாட்டாள், சரி என்றும் சொல்ல மாட்டாள்.

படம் ஊரைவிட்டுப் போன கொஞ்ச நாளில் வாரப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. படத்துக்குக் கதை எழுதியவரே மீதிக் கதையை ஒரு நாவலாக எழுதுகிறாராம். ‘அந்த வெளிச்சம் எது? அவர் திரும்பினாரா? விரைவில்!’ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நான்தான் அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுத்து தெரியாது. “புஸ்தகம் வந்தா எனக்குச் சொல்லாம ஒரு எழுத்துப் படிக்கக் கூடாது, ரெண்டு பேரும். சத்தியம் பண்ணுங்க” என்று கையை நீட்டினாள். நாங்கள் சிரித்துக்கொண்டே அவள் கையில் அடித்தோம்.

அந்த ‘விரைவில்’ வாரா வாரம் வந்தது. பிறகு ‘மிக விரைவில்’ என்று ஆனது. “இன்னும் தள்ளிப் போயிருச்சுன்னு அர்த்தம்” என்றாள் அத்தை. வளவில் அது ஒரு கேலிச் சொல்லாகவே ஆகிவிட்டது. சோறு எப்போ என்று பிள்ளைகள் கேட்டால், மிக விரைவில் என்று பதில் வரும்.

புத்தகத்துக்கு முன்னால் அதன் அட்டை எங்களிடம் வந்து சேர்ந்தது. மெட்ராஸ் புத்தகங்களுக்கும் அட்டை அச்சடிக்கிறது எங்கள் ஊரில்தான். என் அண்ணன் ஒரு லித்தோ பிரஸ்ஸில் மெஷின் ஓட்டினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேரே வந்தவன், இடுப்பு வேட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து விரித்தான்.

“ஏட்டி, இது உங்க நிலாப் புஸ்தகம்தானே?”

கழிவுத் தாள் அது. மெஷினில் நிறம் சரியாக விழுகிறதா என்று பார்க்க, ஏற்கெனவே அச்சான பழைய தாள்களையே மறுபடி ஓட்டிப் பார்ப்பார்கள். இந்தத் தாளில் முதலில் ஏதோ மத்தாப்பு லேபிள் அடித்திருந்தார்கள். அதன் மேல் புத்தகத்தின் அட்டை விழுந்திருந்தது. மஞ்சள் நிலா, கீழே மணல்வெளி, நடுவே ஒரு ராக்கெட், முன்னால் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். அவள் பக்கத்தில் கறுப்பாக இன்னொரு உருவம்.

அந்த உருவம்தான் எங்களை உலுக்கி எடுத்தது. அது ஆம்பளையா, அடியில் இருந்த மத்தாப்பு லேபிளின் மிச்சமா என்று சொல்ல முடியவில்லை.

“ஆம்பளதான். தோள் தெரியுது பாருங்க” என்றாள் அக்கா. அவள் அவ்வளவு வேகமாகப் பேசி நான் கேட்டதில்லை.

“அது மத்தாப்புப் பிடிச்சிருக்க பிள்ளையோட பாவாடை, நர்ஸம்மா” என்றாள் அத்தை.

“ராக்கெட் ஏறுதா இறங்குதா, அதச் சொல்லுங்க முதல்ல” என்றேன் நான். நெருப்பு கீழே இருந்தது. ஏறும்போதும் நெருப்பு கீழேதான், இறங்கும்போதும் கீழேதான் என்று அண்ணன் சொன்னான். அண்ணனைப் பிடித்துக்கொண்டோம். அவன் கையை விரித்துவிட்டான். “நான் மஞ்ச மட்டுந்தான் ஓட்டுனேன். கறுப்பு வேற மெஷின். நல்ல தாளையெல்லாம் கட்டி நேத்தே லோடு ஏத்தி அனுப்பிட்டாக.”

அந்தத் தாளை அக்கா தன் கட்டிலுக்கு மேல் ஒட்டிவைத்தாள். ட்யூட்டி முடிந்து வந்து தலையைப் பின்னிக்கொண்டே அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

அட்டை போய்ச் சேர்ந்தும் புத்தகம் வரவில்லை. எழுதினவருக்கு உடம்பு சரியில்லை என்றார்கள். படத்தின் முதலாளியோடு தகராறு என்றும் சொன்னார்கள். தீபாவளி சீசன் வந்தது. ஊரே ஆர்டர், லோடு என்று ஓடியது. ஆஸ்பத்திரியில் தீக்காயக் கேஸ்கள் வரிசையாக வந்தன. அக்கா வீட்டுக்கு வந்ததும் சுடுதண்ணீரில் கையைக் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்வாள். அப்படி ஒரு சாயங்காலம் கண்ணை மூடியபடியே, “இந்த வாரமும் விரைவில்தானாட்டி?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்கழியில் ஒரு நாள், விருதுநகரிலிருந்து வந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர் சேதி கொண்டுவந்தார். ஸ்டேஷன் பக்கத்துப் புத்தகக் கடைக்கு நாவல் வந்துவிட்டதாம். மறுநாள் சனிக்கிழமை. அக்கா லீவு சொல்லிவிட்டு வந்தாள். முதல் பஸ்ஸைப் பிடித்தோம்.

விருதுநகரில் இறங்கினால் மூக்கில் ஏறுவது மிளகாய் வத்தல் நெடி. தும்மிக்கொண்டே கடைக்குப் போனோம். வாசலில் பத்திருபது பேர் நின்றார்கள். எல்லாரும் அதற்கென்றே வந்தவர்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது. “நான் படத்த நாலு தடவ பார்த்தவன், எனக்கு முதல்ல குடுங்க” என்று ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். பெண்கள் என்பதால் எங்களுக்கு வழிவிட்டார்கள். அக்கா கையில் புத்தகம் வந்தது. இரண்டு பேரும் முதலில் அட்டையைத்தான் பார்த்தோம்.

பெண் நின்றாள். பக்கத்தில் ஒன்றும் இல்லை. மணல் மட்டும் இருந்தது.

“அத்த சொன்னது சரிதான்” என்றேன். அக்கா முந்தானையால் அட்டையைத் துடைத்தாள், அதில் தூசி இல்லாதபோதும்.

அப்போதுதான் அந்த ஆள் பக்கத்தில் வந்தார். ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறவராம். காதில் பேனா செருகியிருந்தார். முந்தின நாளே வாங்கிப் படித்து முடித்துவிட்டு, யாரிடமாவது அதைப் பற்றிப் பேசவேண்டும் என்றே கடை வாசலில் வந்து நிற்கிறாராம்.

“இப்பத்தான் வாங்குனீகளா? கடைசி அத்தியாயம் இருக்கு பாருங்க... அந்த ஆளு...”

“சொல்லாதீக!” என்று அக்கா கத்தினாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். புத்தகம் கீழே விழுந்தது. அந்த மனிதர் பதறிப்போய் அதை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். “சொல்லலம்மா, சொல்லல. எனக்கு மனசு கேக்கல, அதான். நீங்க படிச்சிட்டு வாங்க. நான் இங்கனதான் இருப்பேன்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நல்ல முடிவாக இருந்தால் அவர் ஏன் கலங்க வேண்டும்?

பஸ்ஸில் அக்கா புத்தகத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வந்தாள். “ஒரு பக்கம் பாப்போமாக்கா?” என்று கேட்டுப் பார்த்தேன். “அத்தகிட்டச் சத்தியம் பண்ணியிருக்கோம்” என்றாள். சத்தியத்தைவிடப் பயம்தான் அவளைத் தடுத்தது என்று நினைக்கிறேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்ட கையோடு முற்றத்து வேம்படியில் கூடினோம். அத்தை, பெட்டி ஒட்டுகிற பெண்கள், லீவில் இருந்த அண்ணன். வேலையை நிறுத்தாமல் கேட்பதாக ஏற்பாடு. பசைச் சட்டிகளும் பெட்டிக்கான மரச் சில்லுகளும் சுற்றிலும் கிடந்தன. நான் வாசித்தேன்.

நிலாவைப் பற்றி அவர் எழுதியிருந்ததை இன்றும் மறக்க முடியவில்லை. படத்தில் வந்தவை காகித அட்டையில் செய்த மலைகள். புத்தகத்தில் அப்படி இல்லை. அங்கே நிழல் மை கொட்டினது போல இருக்குமாம்; வெளிச்சத்தில் ஒரு காலும் நிழலில் ஒரு காலும் வைத்தால் ஒன்று சுடுமாம், ஒன்று விறைக்குமாம். அந்த இடத்தை நான் எனக்காக இரண்டு தடவை வாசித்தேன். “டீச்சர், பாடம் நடத்தாதீக, கதைக்கு வாங்க” என்று அத்தை அதட்டினாள்.

கதை இதுதான். வெளிச்சம் நிலாவின் அந்தப் பக்கத்தில் வாழும் ஒரு கூட்டத்தாருடையது. அவர்களுக்கு ஏதோ தொற்றுநோய். விஞ்ஞானி அவர்களுக்கு மருந்து கண்டுபிடிக்கிறார். ராக்கெட் பழுதாகவில்லை. ரேடியோவும் சரியாகிவிடுகிறது. அவர் நினைத்தால் பேசலாம், நினைத்தால் திரும்பலாம். கடைசி அத்தியாயத்தில் மனைவியிடம் பேசுகிறார். இங்கே என்னை நம்பி இத்தனை உயிர் இருக்கிறது, நான் வரமாட்டேன், நீ எனக்காகக் காத்திருக்காதே என்கிறார். மனைவி குமிழைத் திருகி ரேடியோவை நிறுத்துகிறாள். வெளியே வந்து மணலில் நின்று நிலாவைப் பார்க்கிறாள். முற்றும்.

நான் புத்தகத்தை மூடினேன். யார் கையும் ஓடவில்லை. பசை காய்ந்துகொண்டிருந்தது.

முதலில் வெடித்தது அத்தைதான். “வரலைன்னா செத்துட்டான்னு எழுதிட்டுப் போகவேண்டியதானே! நல்லா முழுசா இருந்துக்கிட்டு வரமாட்டேன்னு சொல்றவன் எல்லாம் ஒரு ஆளா? இதுக்காய்யா இம்புட்டு நாளு காக்க வச்சான்?” பெட்டி ஒட்டுகிற பெண்களில் ஒருத்தி அழுதேவிட்டாள். “அத்தன உயிரக் காப்பாத்துறாரே, அவரு பெரிய மனுசன்தான்” என்று அண்ணன் இழுத்தான். “வாய மூடுலே” என்றாள் அத்தை.

நான் அக்காவைப் பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டாவது ராக்கெட் ஒண்ணு இருந்துச்சில்ல?” என்றாள்.

இருந்தது. ஆபத்துக்காகப் பூமியில் இன்னொன்று செய்து வைத்திருக்கிறார்கள் என்று நடுவில் ஓர் அத்தியாயத்தில் வரும். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“பிறகு அவ ஏன் அதுல ஏறிப் போகல?”

“போயி?” என்றாள் அத்தை.

“போயிப் பாத்திருக்கலாம்ல. ஏன்யான்னு நேர்ல கேட்டிருக்கலாம்ல. அவளும் படிச்சவதானே.”

 அத்தை பசைச் சட்டியைக் கிண்டினாள்.

அடுத்த வாரங்களில் பத்திரிகையில் வாசகர் கடிதங்கள் பொரிந்து தள்ளின. பாதிப் பேர் கதாசிரியரைத் திட்டினார்கள், பாதிப் பேர் கொண்டாடினார்கள். அத்தையும் என்னை உட்காரவைத்து ஒரு கார்டு எழுதச் சொன்னாள். நான் மரியாதையாக மாற்றி எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, “நான் சொன்னது இது இல்ல” என்று கோபித்துக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதிப் போட்டோம். அது பத்திரிகையில் வரவில்லை.

அக்கா யாருக்கும் எழுதவில்லை. ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தாள். மலேயாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் கேட்டிருப்பதாக ஒரு வருஷமாகவே அங்கே பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட், அம்மை ஊசி, தையல்காரரிடம் புது யூனிபாரம் என்று எல்லாம் என் கண் முன்னால் நடந்தும், அவள் போய்விடுவாள் என்று நான் நம்பவில்லை. ‘விரைவில்’ மாதிரி தள்ளிப்போகும் என்றே நினைத்தேன்.

விருதுநகர் ஸ்டேஷனில் மெட்ராஸ் ரயிலுக்கு நின்றோம். அவள் அம்மா அழுதுகொண்டே இருந்தார். அத்தை முறுக்கும் கருவாடும் மூட்டை கட்டிக் கொடுத்தாள். “அவனப் பார்த்தா நான் கேட்டேன்னு ரெண்டு வார்த்த கேளு, நர்ஸம்மா” என்றாள். அக்கா சிரித்தாள். என்னிடம், “அந்தப் புஸ்தகம் உனக்குத்தான். நிலாவப் பத்தி எழுதியிருக்க பக்கத்தையெல்லாம் நீ மடிச்சு வச்சிருக்க, பாத்தேன்” என்றாள். ரயில் நகர்ந்தபோது கூடவே நடந்தேன். பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

அறை எனக்குப் பெரிதாகிவிட்டது. மாலையில் வாசல் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவேன். அவள் கடிதம் வர இரண்டு மாதம் ஆனது. அவரைப் பார்த்தாளாம். அவருக்கு அங்கே மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். ‘கேட்டேன். வெட்கப்பட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். குழந்தை அழகாக இருக்கிறது’ என்று எழுதியிருந்தாள். வேலை நிறைய, வார்டில் பாதிப் பேர் தமிழர்கள், பேச்சுக்குப் பஞ்சமில்லை என்று மீதி. திரும்பி வருவதைப் பற்றி ஒரு வரி இல்லை. அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். “டீயா வாங்கிக் குடுத்தான்?” என்று கேட்டுவிட்டுப் பசைச் சட்டியை இழுத்துக்கொண்டாள்.

வாசகர்கள் போட்ட சத்தத்தில் கதாசிரியர் இறங்கி வந்தார். இரண்டாம் பதிப்பில் புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்து, விஞ்ஞானியைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் ஒன்று சேர, ஊரே மாலை போடுகிறது. அத்தைக்குப் பரம திருப்தி. “என் கார்டப் படிச்சிருக்கான்” என்று வளவெல்லாம் சொல்லிக்கொண்டாள். எனக்கு அந்த அத்தியாயம் ஒட்டவில்லை. இருந்தாலும் ஒரு பிரதி வாங்கி அக்காவுக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது. வார்டில் தோட்டத்துப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வாசிக்கக் கேட்டு, அட்டை கிழிந்துபோய்விட்டதாம். ‘என்ன கதையானாலும் சரி, இன்னும் அனுப்பு. இங்கே தமிழ்ப் புத்தகத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள்’ என்று எழுதியிருந்தாள். அவளுக்கு அந்த முடிவு பிடித்ததா என்று கேட்டிருந்தேன். அதற்குப் பதில் எழுதவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒரு புத்தகம் அனுப்பினேன். வைரத் திருட்டுக் கதை, பேய் பங்களாக் கதை, எது கிடைத்தாலும். பார்சல் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் நான் வாசித்துவிடுவேன், அவள் எந்தப் பக்கத்தில் சிரிப்பாள் என்று யோசித்துக்கொண்டே. புதுப் புத்தகமாகவே அவள் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அதிகம் விரிக்காமல், இரண்டு விரல் இடைவெளியில் எட்டிப் பார்த்து வாசிப்பேன். அப்படி வாசித்து வாசித்து எனக்குக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.